பூட்டின பீரோவும் பொம்மை டாக்டரம்மாவும்

ரெண்டாயிரத்து எட்டாம் வருஷம் தை மாசம், மதுரையில ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்காரய்ங்க புதுக் கட்டடம் ஒண்ணு திறந்தாய்ங்க. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்க யாருக்கும் ஆசை இல்ல. ஏசி போட்ட கட்டடம். வாசல்ல கருப்பு கிரானைட் கல்லு, அதுல தங்க எழுத்துல "சிமுலேஷன் சென்டர்"னு பேரு. அதாவது, பொம்மையை நோயாளியா படுக்க வச்சு, டாக்டருக்கும் நர்சுக்கும் உயிரைக் காப்பாத்தப் பழக்குற எடம். கல்லுல அஞ்சு பேரு வெட்டியிருக்கு. திறந்து வச்சவரு, தலைமை தாங்கினவரு, முன்னிலை வகிச்சவரு, குழந்தைங்க பிரிவுப் பெரிய டாக்டர் ராதாகிருஷ்ணன், அப்புறம் கல்லை உபயம் பண்ணினவரு. கல்லு கொடுத்தவன் பேரே கல்லுல இருக்கு. அந்த ஊர்லயே முதமுதல்ல பொம்மையைத் தூக்கிக்கிட்டு வார்டுக்குள்ள ஓடின தமிழ்வாணி டாக்டரம்மா பேரு மட்டும் இல்ல.

கேட்டா, "எடம் பத்தல"ன்னாய்ங்களாம். சாணி உருண்டை அளவுக்கு ஒரு பிள்ளையார் படம் செதுக்க எடம் இருந்துச்சு!

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊரு திருவாதவூர். அப்பா வீரணன், ஊரான் வயல்ல நாத்து சுமந்து காலம் தள்ளின மனுசன். இந்தப் பிள்ளை படிச்சு டாக்டராகி, குழந்தைங்களுக்கான மேல்படிப்பும் முடிச்சு, தொண்ணூத்தி மூணுல இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுக்கு வேலைக்கு வந்துச்சு. அவசரப் பிரிவுன்னா பெருசா ஒண்ணும் நினைச்சுராதீங்க. நாலு கட்டிலு, ஒரு மேசை, ஒரு கண்ணாடி பீரோ. இந்தக் கதையில வில்லனே அந்த பீரோதான்.

பீரோவுக்குள்ள வெளிநாட்டுச் சாமான். அதுல ஒண்ணு காத்துப் பை. மூச்சு நின்ன பிள்ளைக்கு மூக்கையும் வாயையும் சேத்து மூடுற மாதிரி முகமூடியை வச்சு, பையைக் கையால அமுக்கணும். அமுக்கினா காத்து உள்ள போகும், நெஞ்சு எந்திரிக்கும். அம்புட்டுத்தான் வித்தை. ஆனா பீரோவுக்குப் பூட்டு. சாவி ஸ்டோர் பீமாராவ் இடுப்புல. மனுசன் நடந்து வந்தா சலங்கை கட்டின மாடு வர்ற மாதிரி இருக்கும். "ஸ்டாக் புக்குல கையெழுத்து போட்டவன் நான். ஏதாவது காணாமப் போச்சுன்னா உங்க அப்பனா வந்து பதில் சொல்லுவான்?"ம்பாரு. அவரு சொல்றதும் நியாயம் மாதிரியே இருக்கும். நியாயம் மாதிரி இருக்கிற அநியாயத்தைத்தான் இந்த உலகத்துல ஒண்ணும் பண்ண முடியாது.

தொண்ணூத்தி நாலு ஆனி மாசம், உச்சிப் பொழுது. எழுமலையிலருந்து ஆண்டிச்சாமியும் அவரு சம்சாரம் செல்லக்கிளியும் ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ரம்யாஸ்ரீன்னு பேரு. டவுனுப் பேரா வைக்கணும்னு செல்லக்கிளி அடம் பிடிச்சு வச்ச பேரு. காய்ச்சல் முத்தி ரெண்டு தரம் வெட்டு வந்து கைகால் இழுத்திருக்கு. பஸ்ஸு மாறி, ஆட்டோ பிடிச்சு, ஆஸ்பத்திரி கேட்டுல நுழையிற வரைக்கும் மூச்சு இருந்துச்சு. டாக்டரம்மா கைக்கு வரவும் நின்னுபோச்சு.

"பையை எடுங்க!"ன்னு டாக்டரம்மா கத்தினாங்க.

பை பீரோவுல. பீரோ பூட்டியிருக்கு. சாவி பீமாராவ்கிட்ட. பீமாராவ் எங்கேன்னா, மச்சினன் மகளுக்கு சடங்கு, மண்டபத்துக்குப் போயிட்டாரு. சடங்குக்குப் போனது தப்பில்ல. சாவியைக் கட்டிக்கிட்டுப் போனாரு பாருங்க!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பை கண்ணுக்குத் தெரியுது. இந்தப் பக்கம் ரெண்டு நர்ஸ், ஒரு வார்டு பாய், டாக்டரம்மா. நாலு பேரும் கண்ணாடியப் பாத்தாங்க. ஒருத்தர் கையும் நீளல. டாக்டரம்மா வாயோட வாய் வச்சு ஊதினாங்க, நெஞ்சை அமுக்கினாங்க, மறுபடி ஊதினாங்க. இருவது நிமிஷங்கழிச்சு பீமாராவ் நெஞ்சுல சந்தனம், வாயில வெத்தலையோட வந்து, "யாரு சாவி கேட்டது?"ன்னு நின்னாரு. பிள்ளை போயிருச்சு.

செல்லக்கிளி போட்ட சத்தத்தை எழுத்துல எழுத முடியாது. ஆண்டிச்சாமி அழுகல. நடந்தது என்னன்னு வார்டு பாய் வாயைப் பிடுங்கி விசாரிச்சுட்டு, நேரா டாக்டரம்மா முன்னாடி வந்து நின்னாரு.

"யம்மா, அந்தக் கண்ணாடியை நான் உடைச்சிருப்பேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பாங்க. சட்டையைப் பிடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பாங்க. இந்த ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியல. ஆனையூர் வீட்டுக்குப் போயி சோத்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. பீமாராவ் மேல கோவம், ஆஸ்பத்திரி மேல கோவம், எல்லாத்துக்கும் மேல தன் கை மேலயே கோவம். பத்து வருஷம் படிச்ச கை. ஒரு கண்ணாடியை உடைக்கத் தெரியல.

மறுநாள் ஃபைலைப் பாத்தா, ராதாகிருஷ்ணன் கையெழுத்துல "கொண்டுவரும்போதே உயிர் இல்லை"ன்னு எழுதியிருக்கு.

"சார், கேட்டுல மூச்சு இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. ஃபைல் பாக்கலயே" அப்படின்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. அதைப் பெரிய ஜோக்குன்னு நினைச்சு ரெண்டு ஜூனியரும் கூடச் சிரிச்சாய்ங்க. அய்யா, பிள்ளை செத்த வீட்டுல சிரிச்சவனைச் சுடுகாடுகூடச் சேத்துக்காதும்பாங்க. இவய்ங்க சம்பளம் வாங்கிக்கிட்டுச் சிரிச்சாய்ங்க.

அன்னைக்கு டாக்டரம்மா மனசுல ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு. இனி ஒரு பிள்ளை அந்தப் பூட்டால சாகக் கூடாது. பூட்டைத் திறக்கச் சொல்லி மூணு லெட்டர் எழுதினாங்க. மூணுக்கும் "ஆவன செய்யப்படும்"னு பதில் வந்துச்சு. செய்யப்படும்னா செய்ய மாட்டாய்ங்கன்னு திருவாதவூர்க்காரிக்குத் தெரியாதா?

அதுக்கப்புறந்தான் புதுமண்டபத்துப் பக்கம் போயி ஒரு ரப்பர் பொம்மை வாங்கிட்டு வந்தாங்க. அமுக்கினா கீச்சுன்னு கத்துற பொம்மை. அந்தக் கீச்சைப் பிடுங்கி எறிஞ்சாங்க. நெஞ்சுக்குள்ள ரெண்டு பலூன், தொண்டைக்கு குளுக்கோஸ் ஏத்துற டியூப்பு. வார்டு ஆயா ஒச்சாயி ஒரு மணல் பையைத் தச்சு முதுகுல வச்சுச்சு.

"கனம் எதுக்கு டாக்டரம்மா?"

"கனம் இருந்தாத்தான் ஒச்சாயி கை நடுங்கும். நடுங்குற கையைப் பழக்கத்தான் இம்புட்டும்."

பொம்மை வெள்ளைக்காரக் கலரு. ஒச்சாயி காவிக் கட்டியைக் கரைச்சுப் பூசி, "இப்பத்தான் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு"ன்னுச்சு. மூச்சு நின்னா உதடு நீலம் பூக்கும்ல, அதுக்கு டாக்டரம்மா துணிக்குப் போடுற சொட்டு நீலத்தை உதட்டுல தடவுவாங்க. நர்சு பீமாராவைப் பூட்டைத் திறக்க வச்சு, பையை எடுத்துச் சரியா அமுக்கி பலூன் எந்திரிச்சா, ஈரத்துணியால நீலத்தைத் தொடைச்சு விடுவாங்க. சரியாச் செய்யலேன்னா நீலம் அப்படியே இருக்கும். பள்ளிக்கூட வாத்தியாரு சிவப்பு மையால மார்க் போடுவாரு, இவங்க நீலத்தால போட்டாங்க.

வியாழக்கிழமை தவறாம மூணு மணிக்கு, பொம்மையைத் துண்டுல சுத்திக்கிட்டு, "பிள்ளைக்கு மூச்சு இல்ல! மூச்சு இல்ல!"ன்னு கத்திக்கிட்டே வாசல்லருந்து ஓடி வருவாங்க. முத வாரம் வெளியில உக்காந்திருந்த சனமெல்லாம் எந்திரிச்சு மாரடிக்க ஆரம்பிச்சிருச்சு. பொம்மைன்னு தெரிஞ்சதும் ஒரு கிழவி மண்ணை வாரித் தூத்துச்சு. ராதாகிருஷ்ணனுக்குக் கேக்கணுமா? "நவராத்திரிக்கு இன்னும் நாள் கிடக்கே, அதுக்குள்ள கொலு வச்சாச்சா?"ன்னாரு. அவரு வச்ச பேருதான் பொம்மை டாக்டர். இன்னொரு நாள் கேன்டீன்ல, "என்னதான் படிச்சாலும் சில பேருக்கு புத்தி எங்கிருந்து வந்தாங்களோ அங்கயேதான் கிடக்கும்"னாரு. எங்கிருந்துன்னு முழுசாச் சொல்ல மாட்டாரு. அவரு சொல்லாம விட்ட எடத்துலதான் அம்புட்டு விஷமும்.

டாக்டரம்மா காதுல வாங்கினாங்க, டீயைக் குடிச்சாங்க, வியாழக்கிழமை பொம்மையைத் தூக்கினாங்க.

பழகி முடிச்சதும் எல்லாரையும் வட்டமா உக்கார வைப்பாங்க. அங்க ஒரு சட்டம் உண்டு. யாரையும் யாரும் திட்டக் கூடாது. "நீ ஏன் பண்ணல?"ன்னு கேக்க மாட்டாங்க. "அந்த நேரத்துல உன் மனசுல என்ன ஓடுச்சு?"ன்னுதான் கேப்பாங்க. முதல்ல வாயைத் திறந்தது அன்னக்கொடின்னு ஒரு சின்ன நர்சு. உசிலம்பட்டிப் பக்கம். பேசினா பக்கத்துல இருக்கிற கொசுவுக்கே கேக்காது. அது மெதுவா சொல்லுச்சு:

"சாவி யாருகிட்ட இருக்குன்னு ஓடுச்சு மேடம்."

அடுத்தவளும் சாவின்னா. அதுக்கு அடுத்தவளும் சாவி. பிள்ளை நீலம் பூத்துக் கிடக்கு, ஒருத்தி மனசுலயும் பிள்ளை இல்ல. பீமாராவ் இடுப்புதான் ஓடுது! இவளுகளுக்கு வைத்தியம் தெரியாம இல்ல, பயம்தான் வியாதின்னு அன்னைக்குப் புரிஞ்சுச்சு.

அப்புறம் அவங்க பண்ணின காரியத்தை எந்தப் புத்தகத்துலயும் தேட முடியாது. வடக்கு மாசி வீதியில சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுற கடையில கழிச்ச கண்ணாடியா இருவது சில்லு வாங்கி, சலவைக் கூடத்துக்குப் பின்னாடி சொவத்துல சாத்தினாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரை நர்சுக கையில கொடுத்தாங்க.

"கையில துண்டைச் சுத்து. மூஞ்சியைத் திருப்பு. ஓரத்துல போடு. ம், உடை!"

அன்னக்கொடி முதல்ல மாமியா வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுச்சு.

"ஏண்டி, உள்ள தூங்குறவங்களை எழுப்பப் போறியா?"ன்னு ஒச்சாயி கத்தவும், எல்லாரும் சிரிக்க, அந்தப் பிள்ளைக்கு ரோசம் வந்து போட்டுச்சு பாருங்க ஒரு போடு! கண்ணாடி தூள். அது சிரிச்சுச்சு, சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. "மேடம், என் வாழ்க்கையில நான் உடைச்ச முத சாமான் இதுதான்"னுச்சு.

ஊரு சும்மா இருக்குமா? டாக்டரம்மா நர்சுகளை ரவுடி ஆக்குறாங்கன்னு மேனேஜர் வரைக்கும் போச்சு. ஒரு மெமோ வந்துச்சு. அதுக்குப் பதில் எழுதினாங்க. இன்னொரு மெமோ வந்துச்சு. அதுக்கும் பதில். வருஷம் ஓடிப்போச்சு. இடையில பிடிச்ச பிடியில ஒரே ஒரு பையை மட்டும் பீரோவுக்கு வெளியில வச்சிருக்க அனுமதி வாங்கினாங்க. அந்த ஒத்தைப் பையால எத்தனை பிள்ளை பொழைச்சுச்சுன்னு எந்தக் கல்லுலயும் வெட்டல.

ரெண்டாயிரத்து ரெண்டுல ஒரு சங்கத்துக்காரங்க வெளிநாட்டுப் பொம்மை ஒண்ணு தானமாக் கொடுத்தாங்க. நாடி துடிக்கும், கண்ணு சிமிட்டும். அதைப் பாத்ததும் டாக்டரம்மா கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பீமாராவ் என்ன பண்ணினாரு? பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினாரு! ஆயுத பூசைக்கு மட்டும் வெளியில எடுத்து, நெத்தியில குங்குமம், கழுத்துல மாலை, வாயில இருந்து நெஞ்சு வரைக்கும் சந்தனம். ரெண்டு மாசங்கழிச்சு அந்தச் சங்கத்துக்காரங்க பாக்க வந்தப்ப எடுத்து ஊதிக் காட்டினா, நெஞ்சு எந்திரிக்கல. சந்தனம் காஞ்சு தொண்டை அடைச்சுக் கிடக்கு. "வெளிநாட்டுச் சரக்கு நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது"ன்னு ராதாகிருஷ்ணன் விளக்கம் சொன்னாரு. மூச்சு விடக் கத்துக்கொடுக்க வந்த பொம்மையை மூச்சடைக்க வச்சுக் கொன்ன ஊரு நம்ம ஊரு!

மறு வருஷம், ரெண்டாயிரத்து மூணு. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்க ஒரு குழு வருதுன்னு ஒரே அமளி. தரையை மூணு தரம் கழுவினாங்க. வெளியில இருந்த ஒத்தைப் பையையும், "பாக்க அழகா இருக்கணும்ல"ன்னு பீமாராவ் பீரோவுக்குள்ள அடுக்கிப் பூட்டிட்டு, மாலையோட கீழ வாசலுக்குப் போயிட்டாரு. டாக்டரம்மா அந்நேரம் வெளிநோயாளிப் பக்கம்.

வார்டுல அன்னக்கொடியும் ஒச்சாயியும். ஆனையூர்ப் பையன் ஹரிஷ்குமார், ரெண்டு வயசு, வெட்டுக்கு ஊசி போட்டுப் படுத்திருக்கான். அன்னக்கொடி திரும்பிப் பாக்குது, உதடு நீலம். நெஞ்சு அசையல.

"ஸ்பேனரு!"

கொசுவுக்குக் கேக்காத குரல் மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சாம். ஒச்சாயி ஸ்பேனரைக் கொடுக்க, துண்டைச் சுத்தி, மூஞ்சியைத் திருப்பி, ஓரத்துல ஒரே போடு. குழு அப்பத்தான் மாடிப்படி ஏறுது. டமார்னு சத்தம். ராதாகிருஷ்ணனுக்கு வேர்த்துக் கொட்டி, "ஒண்ணுமில்ல சார், பெயின்டிங் வேலை"ன்னாரு. டாக்டரம்மா ஓடி வந்து சேந்தப்ப, அன்னக்கொடி பையை அமுக்கிக்கிட்டிருக்கு, நெஞ்சு எந்திரிச்சு எந்திரிச்சு இறங்குது. டாக்டரம்மா பக்கத்துல நின்னாங்க, கையை வைக்கல. கொஞ்ச நேரத்துல பையன் முக்கினான், இருமினான், அப்புறம் அழுதான் பாருங்க, அழகர் ஆத்துல இறங்குறப்பகூட அம்புட்டுச் சத்தம் இருக்காது.

அன்னக்கொடி கையில ரத்தம். அதைப் பாக்கவே இல்ல. "மேடம், நீலத்தை யாரு தொடைச்சது?"ன்னு கேட்டுச்சு. பழக்கத்துல வந்த கேள்வி. ஒருத்தரும் தொடைக்கல. அதுவாப் போச்சு.

இதுக்கு மாலை போட்டிருப்பாய்ங்கன்னு நினைச்சா நீங்க வேற ஊருக்காரர். மறுநாள் மெமோ வந்துச்சு. "நிர்வாகத்தின் உடைமையான கண்ணாடியை உடைத்தது யார்? ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" பிள்ளை பொழைச்சதைப் பத்தி ஒரு வரி இல்ல.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாங்க: "உடைத்தது நான்தான். ஒன்பது வருடம் தாமதமாகிவிட்டது."

மேனேஜருக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அதுக்குள்ள அன்னக்கொடி ஒரு தாளோட வந்து நிக்குது: "கண்ணாடியை உடைத்தது நான். டாக்டர் மேடம் பொய் சொல்கிறார்கள்."

வெளியில வராண்டாவுல ரெண்டு பேருக்கும் சண்டை.

"ஏன் மேடம், நான் உடைச்சதை நீங்க எப்படி எடுத்துக்கலாம்?"

"உனக்கு வேலை போயிரும்டி, லூசு."

"போகட்டும். இத்தனை வருஷம் பழக்கிட்டு, கடைசியில நான் பயந்தாங்கொள்ளின்னு ஃபைல்ல எழுதப் பாக்கறீங்களா?"

டாக்டரம்மா அதோட சண்டையை விட்டுட்டு, அந்தப் பிள்ளை கைக்காயத்துக்குக் கட்டு மாத்தி விட்டாங்க.

பீரோ ஒண்ணு, உடைச்சது ரெண்டு பேரு. விசாரணைக் கமிட்டி மூணு தரம் கூடி, போண்டா தின்னு கலைஞ்சுச்சு. முடிவுல ரெண்டு பேருக்கும் தண்டனை. அன்னக்கொடிக்கு ஒரு வருஷ சம்பள உயர்வு கட். டாக்டரம்மாவை டிரஸ்ட்டோட கிளைக்குத் தூக்கினாய்ங்க, ரெண்டு கட்டில் போட்ட கிளை. எங்கே? எழுமலை! தண்ணி இல்லாத காடுன்னு நினைச்சு அனுப்பினாய்ங்க. அன்னக்கொடி அந்த மெமோவை அதே வடக்கு மாசி வீதிக் கடையில ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கு. கண்ணாடி வேண்டாம்னு சொல்லிருச்சாம்.

டாக்டரம்மா காவி பூசின பழைய ரப்பர் பொம்மையை மடியில வச்சுக்கிட்டு எழுமலை பஸ்ஸுல போனாங்க. பக்கத்துல இருந்த அம்மா, "பிள்ளை அசையக் காணோமே தாயி"ன்னு கேட்டுச்சு. "வியாழக்கிழமை அசையும்"னாங்க.

போன மறு வியாழக்கிழமை கிளை முற்றத்துல சனத்தைக் கூட்டினாங்க. கம்பவுண்டர் மலையாண்டி, ரெண்டு ஆயா, ஷேர் ஆட்டோ ஓட்டுறவங்க நாலு பேரு. ஆட்டோக்காரங்கதானே பிள்ளையை முதல்ல தூக்குறாங்க, அவங்களுக்கும் தெரியட்டும்னு. கூட்டத்துக்குப் பின்னாடி, தலையில துண்டோட நரைச்ச ஆளு ஒருத்தர் நின்னாரு. டாக்டரம்மாவுக்கு மூஞ்சி உடனே தெரிஞ்சுருச்சு. ஒன்பது வருஷமா தினம் மனசுக்குள்ள பாக்குற மூஞ்சியாச்சே.

"ஆண்டிச்சாமிண்ணே, வாங்க."

வந்தாரு. பொம்மையைப் பாத்தாரு. உதட்டுல நீலத்தைப் பாத்தாரு. அப்புறம் டாக்டரம்மா கையில இருந்ததைப் பாத்தாரு.

"இதுதானா அந்தப் பை?"

"இதுதான்ணே."

டாக்டரம்மா முகமூடியைப் பொம்மை மூஞ்சியில வச்சுப் பிடிச்சு, பையை அவரு கையில கொடுத்தாங்க. மம்பட்டி பிடிச்சுக் காச்சுப்போன கை. ஒரு அமுக்கு அமுக்கினாரு. பொம்மை நெஞ்சு எந்திரிச்சுச்சு. கையை எடுத்தாரு, இறங்குச்சு. மறுபடி அமுக்கினாரு, மறுபடி எந்திரிச்சுச்சு.

ஆண்டிச்சாமி நிமிந்து பாத்தாரு.

"அம்புட்டுத்தானா?"

டாக்டரம்மா ஈரத்துணியால பொம்மை உதட்டு நீலத்தைத் தொடைச்சாங்க. தொடைச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் தொடைச்சாங்க.

"அம்புட்டுத்தாண்ணே."